கிராமத்து நடுநிலைப் பள்ளிக்கு நான்கரை லட்சம்: எதில் தொடங்குவது?

பென்னாகரத்தான் (கேள்வி):

வணக்கம். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை 112 பிள்ளைகள்; அதில் பெண் பிள்ளைகள் 58. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து நான்கரை லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். கொடுத்தவர்களில் சிலர் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். எங்கள் குழு பதிவு செய்யப்பட்டதல்ல.

கட்டடத்துக்கு வண்ணம் அடித்துப் பெரிய டிவி வாங்கி வைக்கலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் என்று இன்னொரு சாரார். பெண் பிள்ளைகளுக்குப் புதிய கழிப்பறை என்பது மூன்றாவது யோசனை. இப்போது இருக்கும் இரண்டு கழிப்பறைக் கட்டடங்களில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. ஆழ்துளைக் கிணறு இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. ஒகேனக்கல் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வாசல் குழாய்க்கு வருகிறது. சத்துணவுக் கூடத்தில் சமைப்பது ஆழ்துளைக் கிணற்று நீரில்தான்.

எதை முதலில் செய்வது, யாரிடம் அனுமதி வாங்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீர்க்கணக்கு:

சத்துணவுச் சமையல் பற்றி நீங்கள் எழுதிய வரியில்தான் முதல் வேலை இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பிள்ளைகள் குடிப்பது நல்ல தண்ணீராக இருந்தாலும், அரிசியும் பருப்பும் வேகும்போது ஆழ்துளைக் கிணற்று நீரை உறிஞ்சிக்கொள்ளும், ஃபுளோரைடும் சேர்ந்தே உள்ளே போகும். கொதிக்க வைத்தால் அது போகாது. தண்ணீர் ஆவியாக ஆக அடர்த்திதான் கூடும். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், உடம்பில் சேரும் ஃபுளோரைடுதான் பல்லில் பழுப்புக் கறையாக நிற்கிறது. காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே சாப்பிடும் சின்னப் பிள்ளைகள்தான் அந்த வயதில் இருக்கிறார்கள்.

எதையும் வாங்குமுன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டருக்குக் குறையாமல் பிடியுங்கள். ஃபுளோரைடுக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம். கிருமிப் பரிசோதனைக்கு வேறு பாட்டில்: ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து, அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இன்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. கரைந்த உப்புகளுக்கு (டிடிஎஸ்) இதே வரம்புகள் 500, 2000.

இங்கே பலரும் ஏமாறுவது கையடக்க டிடிஎஸ் மீட்டரில். அது மொத்த உப்பைத்தான் காட்டும். 400 என்று நல்ல எண் வரும் தண்ணீரிலும் ஃபுளோரைடு 2 மில்லிகிராம் இருக்கலாம். விற்பனையாளர் மீட்டரைக் காட்டி "தண்ணீர் நல்லா இருக்கு சார்" என்றால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒகேனக்கல் நீர் வரும் ஊரில் ஆர்.ஓ. எனக்கு முதல் தேர்வு அல்ல. உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கும் மேல் கழிவாக வெளியேறும், சவ்வும் வடிகட்டியும் மாற்ற ஆண்டுதோறும் செலவு வரும். கடின நீரில் சவ்வு சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். முதல் பழுதுக்குப் பணம் ஒதுக்காத பள்ளிகளில் இயந்திரம் அலமாரிப் பக்கம் போய்விடுகிறது. அதைவிட இரண்டு குழாய் வழி போடுங்கள். ஒகேனக்கல் நீர் குடிக்கவும் சமைக்கவும். ஆழ்துளைக் கிணற்று நீர் கழிப்பறைக்கும் கை, தட்டு கழுவுவதற்கும்.

குடிக்க, சமைக்கப் பிள்ளைக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தால் 560 லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதால் 1,120. தண்ணீர் ஒருநாள் தாமதமாக வந்தாலும் சமாளிக்க 2,000 லிட்டர் தொட்டி வையுங்கள். வாசல் குழாயில் வேகம் குறைவாக இருந்தால் மாடிக்கு ஏறாது. இரண்டரை அடி மேடை கட்டி அதன் மேல் வைத்தால் போதும். நிரம்பியதும் தானாக மூட மிதவை வால்வு, பூட்டுப் போடக்கூடிய மூடி, அடியில் கழுவிவிடும் வால்வு மூன்றும் அவசியம். சத்துணவுக் கூடத்துக்கு அந்தத் தொட்டியிலிருந்து நேர்க்குழாய் இழுங்கள். குடத்தில் தூக்கி வர வேண்டியிருந்தால் சமையலர் பக்கத்தில் இருக்கும் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைத்தான் திறப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வழிக்கும் குழாயின் நிறத்தை மாற்றி, குழாய்க்கு மேலே "குடிக்க", "கழுவ" என்று பெரிதாக எழுதுங்கள். இரண்டையும் எங்கேயும் இணைத்துவிடக் கூடாது. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று பிளம்பர் நடுவில் ஒரு வால்வு போட்டுக் கொடுப்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு நாள் தேங்கும் நீர் என்பதால் குழாயில் பிடிக்கும்போது எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். ஊராட்சித் தொட்டி இயக்குபவரிடம் குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் இருக்கும். இரண்டு சொட்டு விட்டு நிறம் பார்க்கும் வேலைதான். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்து பலகையில் எழுதலாம்.

கொத்துவேலை_சேலம்:

நீர்க்கணக்கு சொன்னது சரி. நான் கழிப்பறைக்கு வருகிறேன்.

புதியது கட்டுமுன் பூட்டிய கழிப்பறையைத் திறந்து பாருங்கள். பூட்டியதற்குக் காரணம் நாலில் ஒன்றாக இருக்கும்: தண்ணீர் மேலே ஏறவில்லை, செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது, கதவு தாழ்ப்பாள் உடைந்தது, கழுவ ஆள் இல்லை. இதில் எதுவென்று தெரியாமல் புதிதாகக் கட்டினால் அதே காரணத்தால் அதுவும் பூட்டப்படும். அடித்தளமும் சுவரும் நன்றாக இருந்தால் பழுது பார்ப்பதே மேல். சுவரில் நெடுக்காக விரிசல், அடியில் மண் அரிப்பு இருந்தால் பிள்ளைகளைப் பக்கத்திலேயே விடாதீர்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து எழுத்தில் கொடுத்த பிறகுதான் கரண்டியை எடுக்க வேண்டும்.

எண்ணிக்கை: தூய்மைப் பள்ளி வழிகாட்டுதலில் 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பிடமும் மூன்று சிறுநீர் கழிப்பிடமும் என்று கணக்கு. உங்களுக்குப் பெண்கள் பக்கம் 2 கழிப்பிடம், 5 சிறுநீர் கழிப்பிடம். ஆண்கள் பக்கம் 2, 4. பெண்களுக்கான சிறுநீர் கழிப்பிடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிட இடைவேளையில் 58 பேர் இரண்டு கதவுக்கு முன்னால் நின்றால் பாதிப்பேர் போகாமலே வகுப்புக்குத் திரும்புவார்கள், அடுத்த நாள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். தடுப்புச் சுவர் இடுப்பளவுக்கு மேல் போட்டு வரிசையாகக் கட்டினால் கழிப்பிடத்தைவிடச் செலவு மிகக் குறைவு.

கழிப்பறைக் கோப்பை விஷயத்தில் கவனம். கடையில் சாதாரணமாகத் தரும் இந்தியன் கோப்பையும் 50 மில்லிமீட்டர் நீர் நிற்கும் வளைகுழாயும் போட்டால் ஒருமுறைக்கு ஒரு வாளித் தண்ணீர் வேண்டும், 10 லிட்டருக்கு மேல். ஆறு வயதுப் பிள்ளையால் அதைத் தூக்க முடியாது. சாய்வு அதிகமான கிராமப்புறக் கோப்பையும் 20 மில்லிமீட்டர் நீர் நிற்கும் வளைகுழாயும் கேட்டு வாங்குங்கள். இரண்டு லிட்டரில் போய்விடும். ஒவ்வொரு அறைக்குள்ளும் குழாய் இருக்கட்டும். வெளியே ஒரே தொட்டி வைத்து முகந்து போகச் சொன்னால் நடக்காது.

உறிஞ்சுகுழியா செப்டிக் டேங்கா என்பது மண்ணைப் பொறுத்தது. உங்கள் பக்கம் மூன்று நான்கு அடியிலேயே பாறை தட்டும். ஓர் அடிக் குழி தோண்டி, முதல் நாள் தண்ணீர் ஊற்றி ஊற விட்டு, மறுநாள் மறுபடி நிரப்பி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கணக்கில் நின்றால் உறிஞ்சுகுழி வேலைக்கு ஆகாது. செப்டிக் டேங்க் என்றால், கழிவுநீர் லாரியின் குழாய் எட்டும் இடமாகப் பார்த்து வையுங்கள். பள்ளிக்குப் பின்னால் சந்தில் கட்டிவிட்டு, நிரம்பும்போது லாரி உள்ளே வர வழி இல்லாமல் நிற்கும் பள்ளிகள் ஏராளம். ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; உயிர் போகும் காரியம். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

பெண்கள் பக்கம் ஓர் அறையைப் பெரிதாகக் கட்டி, உள்ளே குழாய், துணி மாட்டக் கொக்கி, சின்ன சிமெண்ட் பலகை, மூடியுள்ள தொட்டி வையுங்கள். நாப்கின் எரிக்கும் சிறு மின் இயந்திரங்களைப் பரிந்துரைக்க மாட்டேன்: சூடு போதாமல் பாதி எரிந்து புகையும் நாற்றமும் வரும், உள்கம்பி போனால் மாற்ற ஆள் கிடைக்காது. தொட்டியைத் தினமும் காலி செய்ய ஆள் இருந்தால் அதுவே போதும். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஓர் அறை: படி இல்லாமல் 12க்கு 1 சாய்தளம், கதவு 90 சென்டிமீட்டர் அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடி.

கை கழுவ வரிசையாகப் பத்துக் குழாய் போட்டால் வருடத்துக்குள் ஐந்து உடைந்துவிடும். பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் செய்வதுபோல் ஒரே பிவிசி குழாயை நீளவாக்கில் போட்டு, அடிப்பக்கம் இரண்டு மில்லிமீட்டர் துளைகளை ஓரடி இடைவெளியில் இட்டு, தொடக்கத்தில் ஒரே வால்வு வையுங்கள். திறந்தால் பத்துப்பேர் ஒரே நேரத்தில் கழுவலாம், உடைக்கக் குழாய்த்தலையே இல்லை. கடைசி முனையைப் பசை போட்டு ஒட்டாமல் திருகு மூடி போடுங்கள்; உப்புப் படியும்போது கழற்றித் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு உயரம் 50–55 சென்டிமீட்டர், பெரியவர்களுக்கு 70–75.

பென்னாகரத்தான்:

மிக்க நன்றி. பூட்டிய கழிப்பறையில் பொறியாளரை வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். இரண்டு சந்தேகம். கழுவும் ஆளுக்குச் சம்பளம் யார் தருவது? வெளிநாட்டுப் பணத்தில் ஏதாவது சிக்கல் வருமா?

தணிக்கைக்காரர்:

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன், அது சட்டச் சிக்கல்.

கொடுத்தவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதல்ல, எந்தக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பதே கேள்வி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை வாங்கியவர், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். அதை எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு வாங்கக் கூடாது. பதிவுள்ள அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதற்கும் 2020 திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை. அந்த அமைப்பே வேலையைச் செய்ய வேண்டும். ஆகவே இப்போதே பட்டியலைப் பிரியுங்கள். குடியுரிமை மாறியவர்களின் பணத்தைச் செலவழிக்காமல் தனியாக வைத்து, ஒரு பட்டயக் கணக்காளரிடம் காட்டிவிட்டு அடுத்த அடி எடுத்து வையுங்கள்.

உள்நாட்டுப் பணத்துக்கும் தனிநபர் கணக்கு வேண்டாம், தலைமையாசிரியர் பெயரில் அனுப்பவே வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, வேலையின் விவரத்தை எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுங்கள். ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஒன்றியத்துடையது என்பதால் இரண்டாமவரின் அனுமதி இல்லாமல் ஒரு செங்கலும் வைக்கக் கூடாது. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் வழியாகவும் போகலாம். பள்ளியையும் வேலையையும் நீங்களே தேர்ந்தெடுக்க முடியும். எந்தப் பொருள் வாங்கினாலும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏறாத பொருளுக்கு அரசுப் பணத்தில் பழுது பார்க்க முடியாது.

இனி கழுவும் ஆள். உள்ளாட்சி வழியாகப் பகுதிநேரத் தூய்மைப் பணியாளர் இருக்கிறாரா என்று ஊராட்சியில் கேளுங்கள். பல ஊர்களில் ஆள் இருப்பார், தொகை சிறியது, அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகும். பள்ளிக்கு வரும் ஒருங்கிணைந்த மானியம் 101 முதல் 250 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும். 5,000 ரூபாயில் பினாயிலும் துடைப்பமும் வாங்கலாம், ஆள் வைக்க முடியாது.

ஒரு லட்சத்தை வைப்புநிதியில் போட்டு வட்டியில் நடத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 7 சதவீதம் என்றாலும் மாதம் 583 ரூபாய்தான். முன்னாள் மாணவர்கள் 30 பேர் மாதம் 200 ரூபாய் தானாகவே வங்கியில் பிடித்தம் ஆகும்படி எழுதிக் கொடுத்தால் 6,000 வரும். என் கருத்து இதுதான்: கட்டுமானத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். மீதியை மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கு என்று பூட்டி வைத்து, அந்த மாதச் சந்தா தொடங்கிய பிறகே முதல் மூட்டை சிமெண்ட் வாங்குங்கள். கட்டுவதற்குக் கொடுக்க எல்லாருக்கும் மனம் வருகிறது. கழுவுவதற்குக் கொடுக்க ஆளில்லாமல்தான் நல்ல கழிப்பறைகள் பூட்டப்படுகின்றன.

மலர்நிலை:

கழிப்பறையும் தண்ணீரும் முதலில் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டிவிக்கு என்று நினைத்த பணத்தை வாசிப்புக்குத் திருப்புங்கள். அரசே பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறை (ஸ்மார்ட் கிளாஸ்) கொடுத்து வருகிறது. உங்கள் பள்ளிக்கு வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று கேட்காமல் வாங்கினால் இரட்டிப்பாகும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிக்க முடியாத பிள்ளைகள் எந்தக் கிராமப் பள்ளியிலும் இருப்பார்கள். பாடப்புத்தகம் அவர்களை விட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்தெடுத்த முறை இதற்குப் பொருந்தும்: வகுப்பை விட்டுவிட்டு நிலை பார்த்துப் பிரிப்பது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து, எழுத்து, சொல், எளிய பத்தி, சிறு கதை என்ற நான்கு படிகளில் எதுவரை வாசிக்கிறது என்று பாருங்கள். பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். தமிழில் இடறும் இடம் பெரும்பாலும் உயிர்மெய்யில்தான்: "க" தெரியும், "கி", "கீ" வரும், "கொ", "கோ", "கௌ" வரும்போது நின்றுவிடும். கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் இருப்பதைச் சேர்த்து ஒரே ஒலியாகப் பார்க்கக் கண் பழகவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மறுபடி "அ, ஆ" எழுத வைப்பது வீண் வேலை. கொடி, கோழி, தொட்டி, தோட்டம் என்று அந்த ஒலி வரும் சொற்களை அட்டையில் எழுதி, தினம் பத்து அட்டை கலைத்துப்போட்டு வாசிக்க வையுங்கள்.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்திலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் இருக்கின்றன. ஆகவே உங்கள் பணத்தில் புதிதாக ஒரு பயிற்சி நூல் அச்சடித்துத் திணிக்காதீர்கள். ஆசிரியருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பதிவேடு ஆகிவிடும். ஊரிலேயே படித்த பெண் ஒருவரை மாத ஊதியத்தில் அமர்த்தி, மூன்று முதல் ஐந்து வரையுள்ள பிள்ளைகளில் பின்தங்கியவர்களுக்குத் தினம் ஒரு மணி நேரம் என்று தலைமையாசிரியரோடு பேசி வையுங்கள். ஒருவருக்கு 15 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஊதியம் மாதத்தின் முதல் வாரத்தில் போய்ச் சேர வேண்டும். இரண்டு மாதம் தவறினால் அவர் மில் வேலைக்குப் போய்விடுவார், நிலைப் பிரிப்பும் அதோடு முடிந்துவிடும். வகுப்பு நடக்கும் இடம் எல்லார் கண்ணிலும் படுவதாக இருக்கட்டும், காவல்துறை சரிபார்ப்புச் சான்று வாங்குங்கள்.

நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும்போது வீட்டில் மிஞ்சிய பொதுஅறிவு நூல்களையும் போட்டித்தேர்வு வழிகாட்டிகளையும் சேகரிக்க வேண்டாம். பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி உள்ள பெரிய எழுத்துக் கதைகள் வேண்டும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடிக்கலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் பள்ளிக்கு வந்திருக்கும். அலமாரியில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சுவர் ஓரமாகக் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டால் பிள்ளைகள் தாங்களே எடுப்பார்கள். கிழியும், அது பரவாயில்லை. கிழிந்ததை மாற்ற ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு புத்தகம் என்று கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கொத்துவேலை_சேலம்:

ஒன்றை விட்டுவிட்டேன். வேலையை ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்ததும் தொடங்கி ஜூன் திறப்புக்கு முன் முடிக்கப் பாருங்கள். பிள்ளைகள் நடமாடும்போது திறந்த குழி ஆபத்து. பொறியாளரின் மதிப்பீடும் ஒன்றிய அனுமதியும் வர நேரம் பிடிக்கும் என்பதால் தீர்மானத்தை ஜனவரியிலேயே போட்டுவிட வேண்டும். மேஸ்திரிக்குக் கடைசித் தவணையாகக் கூலியில் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். பள்ளி திறந்து ஒரு மாதம் 112 பேரும் புழங்கி, ஒழுகலும் அடைப்பும் இல்லை என்று பார்த்த பிறகு கொடுத்தால் போதும். இதை முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.